மனுவில் அடங்காத அக்கா

முகாமில் மாதக் கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் அக்கா என் கடைக்கு வருவார். தனியாக வந்ததே இல்லை. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்பாள். இல்லையென்றால் பிளாஸ்டிக் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பையன் நிற்பான். காரியம் அவர்களுடையது, பேசுவது அக்கா. "தம்பி, இந்தப் பிள்ளையின்ட பேப்பரை ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்பார். சொல்லிவிட்டு கவுன்ட்டர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வார். பெஞ்சைக் காட்டினாலும் உட்கார மாட்டார். நான் வேலையை முடிக்கும்வரை சேலைத் தலைப்புக்குள் அவருடைய வலது கை அசைந்துகொண்டே இருக்கும். அது ஜெபமாலை உருட்டும் கை என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது.

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கிறது கடை. 1991 தொடக்கத்தில் பழைய ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு மனு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு ஜெராக்ஸ் மெஷின் வந்தது, லேமினேஷன் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. வருகிறவர்கள் மாறவில்லை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் நகல் எடுக்க வருவார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து, பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கையில் வாங்கியே இராதவர்கள் வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். நான் யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். காகிதத்தைப் பார்ப்பேன். 34 வருடமாக எனக்கு மனிதர்கள் அறிமுகமானது காகிதத்தின் வழியாகத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசையாக அடித்துவிட்டு, பொருளுக்கு எதிரே ஒரே ஒரு வரி. இரண்டாவது கோரிக்கை உள்ளே நுழைந்தால் முதல் கோரிக்கையும் கெட்டுவிடும். அழுகையைச் சுருக்க வேண்டும். தேதியை விடக் கூடாது. அக்காவுக்காக மட்டும் நாற்பது மனுவுக்குக் குறையாமல் அடித்திருப்பேன். கார்பன் நகல்களை எறியாமல் வைத்திருக்கிறேன். அவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஆயுள் முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் எந்த ஒரு தாளிலும் அக்கா இல்லை.

முதல் தாள் 1991 ஜூலை. 'ஞாயிற்றுக்கிழமை தோறும் நகரத்தில் உள்ள மாதா கோயிலுக்குச் சென்றுவர அனுமதி வேண்டுதல்.' மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். அதற்குப் பிறகு முகாம்களின் வாசலில் எல்லாமே இறுகிப்போயிற்று. வேலைக்குப் போகவே கேள்விமேல் கேள்வி இருந்த நேரம். மற்றவர்கள் அரிசிக்கும் பணக்கொடைக்கும் மனு அடித்துக்கொண்டிருந்தபோது, 33 வயதில் மெலிந்த ஒரு பெண் பூசைக்குப் போக அனுமதி கேட்டு வந்து நின்றார். அனுமதி வந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளை முக்காடும் கையில் ஒரு பையனுமாக அவர் சாலையோரம் நடந்து போவதைப் பார்த்தேன்.

ஊர் பேசாலை. மன்னார்த் தீவில் கத்தோலிக்க மீனவர்கள் நிறைந்த ஊர். அங்குள்ள வெற்றி மாதா கோயிலில் அவருக்கு ஞானஸ்நானம். மன்னார்க் கத்தோலிக்கர்களுக்கு வேதத்துக்காகத் துன்பப்படுவது புதிதில்லை. 1544-ல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, மதம் மாறினார்கள் என்பதற்காக நூற்றுக்கணக்கானோரை அங்கே வெட்டிக் கொன்றான். அந்த வேதசாட்சிகளின் கதையைத் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர் அக்கா. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. ஆகஸ்டில் ஓர் இரவு கணவரின் சொந்த வள்ளத்திலேயே ஏறினார்கள். கணவர், ஆறு வயது மகன், மாமியார், பக்கத்து வீட்டார் பதினொரு பேர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ராமேசுவரத்தில் கரை இறங்கியதும் வள்ளம் பறிமுதலானது. மண்டபத்தில் பெயர் பதிந்து, பேருந்தில் ஏற்றி, விடிந்தபோது கண்முன்னே ஒரு மலை. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி அப்போது ஒரு வருடம்கூட நிறையவில்லை.

கடற்கரைக்காரரை மலையடிவாரத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆவார் என்பதை நான் அக்காவின் கணவரிடம் பார்த்தேன். கடல் பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்து புதுச்சேரிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வள்ளத்தைத் திருப்பித் தரும்படி மூன்று மனு அடித்தோம். மூன்றுக்கும் பதில் இல்லை. அதன்பிறகு முகாமின் மற்ற ஆண்களைப் போல அவரும் பெயின்ட் அடிக்கப் போனார். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உயரமான கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கும் கைகளில் பல, ஈழத்திலிருந்து வந்த கைகள். ஒருமுறை சாத்தனூர் அணைக்குப் போய்விட்டு வந்தவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தண்ணி கிடக்குது, மணம் இல்ல" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

2004-ல் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன், கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றேன். குழிக்குள் மண் போட்டுவிட்டுத் திரும்பிய அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஒரு மாதம் கழித்து இறப்புச் சான்றிதழோடு கடைக்கு வந்து ஆறு நகல் கேட்டார். ஐந்து அலுவலகங்களுக்கு. ஆறாவதை ஒரு கடிதத்தோடு வைத்துப் பேசாலைப் பங்குச் சாமியாருக்கு அனுப்ப வேண்டும், அதை அடித்துத் தாருங்கள் என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் பெற்றவர் இன்ன தேதியில் இன்ன ஊரில் இறந்தார், இன்ன கல்லறையில அடக்கம். அவ்வளவுதான் தம்பி. தொடங்கின புத்தகத்தில முடிவும் இருக்கவேணும்."

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இலங்கைத் தபால்தலை ஒட்டிய மெல்லிய உறை. பங்குப் புத்தகத்தில் குறித்தாகிவிட்டது என்று இரண்டு வரி, கையொப்பம், ஊதா நிறத்தில் கோயில் முத்திரை. அதை லேமினேஷன் செய்து தரச் சொன்னார். என் கை நடுங்கியதோ, மெஷின் சூடு போதவில்லையோ, முத்திரைக்கு மேலே சிறு காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டது. வேறு போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். அந்தக் குமிழியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தபடியே போனார்.

கோயில் புத்தகத்தின்மேல் அவருக்கு இருந்த பற்றுக்கு அர்த்தம் இருந்தது. போர் நடந்த மண்ணில் கச்சேரி என்று அவர்கள் சொல்லும் அரசு அலுவலகம் எரிந்தால் பிறப்புப் பதிவும் எரிந்துபோகும். வீட்டைவிட்டு ஓடும்போது யாரும் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. இங்கே முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிறப்புப் பதிவு வேண்டும் என்றால் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்குக் காகிதம் போக வேண்டும். பெயரில் ஓர் எழுத்து, தேதியில் ஓர் எண் மாறினாலும் கோப்பு திரும்பி வரும். சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலையை முகாம் முகாமாகச் செய்துவந்தது. எங்கள் பக்கத்து முகாமில் அவர்களுக்கு முன்பே அந்த வேலையைத் தலைக்குள் செய்துகொண்டிருந்தவர் அக்கா.

ஒருநாள் ஒரு பையனை அழைத்து வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளி டி.சி.யில் இன்னொரு தேதி. அப்பனுக்கு நினைவில்லை, அம்மா இல்லை. எது சரி என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது அக்கா சேலைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். "இவன் பிறந்தது தொண்ணூற்றைஞ்சு. அந்த வருசம் சித்திரை வருசப் பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒண்டா வந்தது. உங்கட ஆக்கள் புதுத் துணி உடுத்துக் கோயிலுக்குப் போறாங்கள், நாங்கள் ஒருசந்தி இருந்து சிலுவைப்பாதை செய்யிறம். அதுக்கு அடுத்த வெள்ளிதான் இவன்ட தாய்க்கு நோ எடுத்தது. நான்தான் கூட இருந்தனான்." கம்ப்யூட்டரில் பழைய காலண்டரைத் திறந்து பார்த்தேன். 1995 ஏப்ரல் 14, பெரிய வெள்ளி, தமிழ்ப் புத்தாண்டு. அடுத்த வெள்ளி 21. பிறப்புச் சான்றிதழில் இருந்ததும் 21. தவறு பள்ளிக்கூடத்தில் நடந்திருந்தது. பையன் காலண்டரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை ஈன்ற நாளைச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இப்படித்தான் அவரிடம் எல்லாத் தேதியும் இருந்தது. மடு மாதா ஆடித் திருநாளுக்கு மூன்று நாள் முன், லூர்து மாதா திருநாள் கழிந்த மறுநாள், அந்தோனியார் நவநாளின் ஐந்தாம் நாள். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், எப்போது கைப்பிடித்தது, எப்போது அடக்கம். மரியாயின் சேனையில் இருந்ததால் வாரம் இரண்டு வீடாவது போய்ச் செபம் சொல்வார். இறந்தவர்களின் ஆண்டு நினைவை வீட்டுக்காரர் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். 'இண்டைக்கு உன்ட கொப்பர்ட நாள்' என்று விடிகாலையில் கதவைத் தட்டுவாராம். அவரோடு வந்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வீட்டிலும் அப்படியே. பத்துக்குப் பத்து அறையில் மாமியாரைப் பதினாறு வருடம் வைத்துப் பார்த்தார். கடைசி நான்கு வருடம் படுக்கை. அக்கா காலை பூசைக்குப் போய்த் திரும்பி, கிழவிக்குச் சொதியும் இடியப்பமும் பிசைந்து ஊட்டி, துணி மாற்றிவிட்டு, கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போவார். சனிக்கிழமை மாலை என்றால் கோயில். தரையைக் கழுவித் துடைத்து, பீடத் துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து விரித்து, பூ வைத்துவிட்டுத்தான் முகாம் திரும்புவார். இதற்குக் கூலி கிடையாது. பங்கில் யாரோ பணம் கொடுக்க வந்தபோது, "அகதிக்குக் குடுக்கிற இடம் நிறைய இருக்கு. நான் குடுக்கிறதுக்கு இந்த ஓர் இடம்தான் இருக்கு" என்று சொல்லி மறுத்துவிட்டார் என்று கேள்வி. இதை என்னிடம் சொன்ன கோயில்பிள்ளை, சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு தவக்காலத்து வெள்ளி மாலை, அடித்த காகிதம் ஒன்றைக் கொடுக்க நானே வண்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். மின்சாரம் இல்லை. தார் அட்டைக் கூரைகளுக்கு நடுவே ஒரு சந்தில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெழுகுத்திரி. அக்கா வியாகுலப் பிரசங்கம் படித்துக்கொண்டிருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழில் எழுதிவைத்தது அது. இயேசுவின் பாடுகளை ஒப்பாரி போல இழுத்துப் பாடும் வழக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் இருக்கிறது. அக்காவின் கையில் புத்தகம் இல்லை. அவர் ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். மகனை மடியில் கிடத்திய தாயின் புலம்பல். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் மகனை அப்படி மடியில் கிடத்தியவர்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுடைய இறப்புச் சான்றிதழ்களை நகல் எடுத்தவன் நான். அன்று பௌர்ணமிக்கு முந்திய நாள். வெளியே கிரிவலப் பாதையில் அரோகரா சொல்லிக்கொண்டு சனம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சத்தமும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு முடியும்வரை நின்றேன்.

பௌர்ணமி இரவுகளில் முகாமின் முகப்பில் ஒரு டிரம்மில் குடிதண்ணீர் இருக்கும். 14 கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு அந்த இடம் வரும்போதுதான் கால் நோகத் தொடங்கும். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அந்த டிரம்மை நிரப்புவது யார் என்று நடந்துபோகும் லட்சம் பேரில் எவருக்கும் தெரியாது.

1993-ல் கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் கழித்து, 2,668 அடி உயரத்தில் மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் அக்காவுக்கு மகள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழ் இந்த ஊர் நகராட்சி கொடுத்தது. ஞானஸ்நானம் இந்த ஊர்க் கோயிலில். பேசுவது பாதி எங்கள் தமிழ், பாதி அம்மாவின் தமிழ். ஆனால் அவள் இந்தியர் இல்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் செய்தி வந்த நாளிதழை அக்கா கடையில் நின்றபடியே இரண்டுமுறை படித்தார். மடித்து வைத்தார். "எங்கட நாட்டின்ட பேர் விடுபட்டுப் போச்சு போல" என்றார். விடுபடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்ப அவர் முயலாமல் இல்லை. 1992-ல் விருப்பப் படிவம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. என்னிடம் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு போனார். 2002-ல் சண்டை நின்றதும் தானே வந்து, திரும்பிப் போக அனுமதி கேட்டு மனு அடிக்கச் சொன்னார். மாமியார் படுக்கையில் விழுந்தார். கணவர் இறந்தார். காரியம் தள்ளிப்போனது. 2006 ஜூன் 17 அன்று பேசாலைக் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் குண்டு வீசினார்கள் என்ற செய்தி வந்தது. தான் ஞானஸ்நானம் பெற்ற அதே கோயில். மனுவைக் கிழித்துவிடச் சொன்னார். கிழிக்கவில்லை, என்னிடம் இருக்கிறது.

போர் முடிந்து கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா மீண்டும் கூடத் தொடங்கியபோது இன்னொரு மனு. ராமேசுவரத்திலிருந்தும் போவார்கள், மன்னார்ப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். பேசாலையில் இருக்கும் மூத்த சகோதரி படகேறி வருகிறேன் என்று சொல்லியிருந்தார். 21 வருடமாகப் பார்க்காத அந்தச் சகோதரியைப் பார்க்க ஒரே ஒரு நாள் அனுமதி. பொருளுக்கு எதிரே அந்த ஒரு வரியை அடிக்கும்போது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். பதில் வரவில்லை. மூத்தவர் அந்த வருடம் தீவுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், ஆசிரமத்தில் தங்கியிருந்த கனடாக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். பழுப்பேறிய நான்கு தாள்களைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஜெர்மன் மொழியில் டைப் அடித்தது, பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பு. மெஷின் சூடாகும்வரை வாசித்தேன். அது அவருடைய பாட்டியின் வாழ்க்கை. பிறந்த ஊர், உக்ரைனில் மொலோச்னா குடியிருப்பு. ஞானஸ்நானம் பெற்ற நாள். பஞ்சத்தில் இறந்த தம்பி தங்கைகள். கப்பல் ஏறிய நாள். பெற்ற பிள்ளைகள் எத்தனை, அடக்கம் செய்த பிள்ளைகள் எத்தனை. கோயில் தையல் சங்கத்தில் எத்தனை வருடம். எந்தப் பாட்டு அவருக்குப் பிடிக்கும். கடைசி வாரம் என்ன சொன்னார்.

மென்னோனைட்டுகள் என்று தங்களைச் சொன்னார் அவர். நெதர்லாந்தில் 16-ஆம் நூற்றாண்டில் மென்னோ சைமன்ஸ் என்ற சாமியார் வழி நடந்தவர்கள். ஆயுதம் எடுக்க மாட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள், வளர்ந்து தானே கேட்டால்தான். இந்த இரண்டுக்காகவும் நாடு நாடாக விரட்டப்பட்டு ரஷ்யப் பேரரசில் குடியேறினார்கள். 1917 புரட்சி, உள்நாட்டுப் போர், 1921-22 பஞ்சம் எல்லாம் சேர்ந்து அங்கிருந்தும் விரட்டின. 1923 முதல் 1930 வரை ஏறத்தாழ 20,000 பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். பயணச் செலவு ரயில் கம்பெனி கொடுத்த கடன். பெண்கள் வீட்டு வேலை செய்தும் ஆண்கள் வயலில் உழைத்தும் சபையாகச் சேர்ந்து 1946-ல் கடனை அடைத்து முடித்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் இப்படி வாழ்க்கைக் குறிப்பு எழுதி அடக்க ஆராதனையில் வாசிப்பது வழக்கமாம். பெரிய மனிதர், சிறிய மனிதர் என்ற வேற்றுமை இல்லை. பன்றி வளர்த்து, ரொட்டி சுட்டு, எட்டுப் பிள்ளை பெற்றவளுக்கும் நான்கு பக்கம்.

நகலுக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. அன்றிரவு கடையைச் சாத்திவிட்டு அக்காவின் கார்பன் நகல்களை எடுத்து விரித்தேன். அந்தப் பாட்டிக்கு நேர்ந்ததில் எது இவருக்கு நேரவில்லை? போர், கடல், அந்நிய ஊர், கோயில், பிள்ளைகள். ஒன்று மட்டும் வேறு. அங்கே ஒரு தலைமுறைக்குள் கடனும் தீர்ந்தது, அகதி என்ற பெயரும் தீர்ந்தது. இங்கே 35 வருடமாகியும் பெயர் தீரவில்லை. 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்குப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. புது வீடுகள் கட்டுகிறார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மாதாமாதம் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவது நிற்கவில்லை. அந்தப் பதிவேட்டில் அக்காவின் கையெழுத்து நானூறு முறைக்குமேல் இருக்கும். இருந்தார், இருந்தார், இருந்தார் என்று மட்டும் அது சொல்லும். எப்படி இருந்தார் என்று சொல்லாது.

ஆகவே மனு அடித்த கையால் இதை எழுதினேன். பெயர் போடவில்லை. அவரிடம் கேட்காமல் பெயர் போடுவது முறையில்லை. இப்போது அவருக்கு 67 வயது. மகன் பெயின்ட் வேலைக்குப் போகிறான். மகளுக்கு முகாமிலேயே கல்யாணமாகிவிட்டது. அவள் வழியில் ஒரு பேத்தி, ஆறாம் வகுப்பு. பார்வை மங்கிவிட்டதால் பீடத் துணி தேய்க்கும் வேலையைப் போன வருடம் இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். தேதிகள் இன்னும் மங்கவில்லை. பேத்தியை அழைத்துக்கொண்டு போன வாரம் கடைக்கு வந்தார். ஐந்து குயர் நோட்டு ஒன்று வாங்கினார். "நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள் தம்பி. ஆர் ஆருக்கு எண்டைக்கு ஞானஸ்நானம், எண்டைக்கு அடக்கம் எண்டு. என்னோட போயிடக் கூடாதல்லோ." பேத்தி முதல் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நோட்டிலும் அக்கா மற்றவர்களைத்தான் எழுதப்போகிறார்.

இந்த மாவட்டத்திலும் மற்ற மாவட்டங்களிலும் முகாமுக்கு அருகே கோயில் வைத்திருக்கும் பங்குச் சாமியார்களே, போதகர்களே, அன்பியத்தாரே, என்னைப் போல மனு எழுதிப் பிழைப்பவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கோயிலின் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களிடம் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானத் தேதி, ஏறிய படகு, இறங்கிய கரை, யாரை எங்கே அடக்கம் செய்தார்கள், பிடித்த பாட்டு எது என்று கேட்டு எழுதுங்கள். அடக்கத்தன்று பீடத்தின் முன் நின்று அதை வாசியுங்கள். அவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே போங்கள்.